மூக்கு வழியாகப் போன கேமராவும் மாத்தே குழலும்

ஒரே வாரத்தில், ஓரமாக நிறுத்தியிருந்த இரண்டு கார்களின் பக்கக் கண்ணாடிகளை எபெர் ஓட்டிய பஸ் பெயர்த்துவிட்டது. "கண்ணாடிய இவ்வளவு நீட்டியா வைப்பானுங்க!" என்று கார்க்காரர்களைத்தான் திட்டினான். அக்கா எலிதா நம்பவில்லை. மொந்தெவிதேயோ நகரத்திலேயே அலுங்காமல் பஸ் ஓட்டுகிறவன் தன் தம்பிதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். சாப்பிடும்போது பக்கத்திலேயே இருந்த ரொட்டிக்கூடை தெரியாமல் அவன் கை துழாவுவதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

மூளைக்கு அடியில் ஒரு கட்டி, பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது; அதனால்தான் பக்கவாட்டில் இருப்பது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. மண்டையைத் திறக்க வேண்டாம், மூக்கு வழியாகவே கேமராவை விட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ஒல்மெதோ.

"மூக்குல அவ்வளவு இடம் இருக்குமா டாக்டர்?" என்றான் எபெர்.

"உன் மூக்குல பஸ்ஸே போகும், பேசாம இருடா" என்றாள் எலிதா.

கட்டி முழுசாக வந்துவிட்டது. உள்ளே ஆன ஓட்டையை அவன் வயிற்றுக் கொழுப்பை எடுத்து அடைத்தார்கள். "அதுக்கு இவன்கிட்ட பஞ்சமே இல்ல" என்று நர்ஸிடம் பெருமைப்பட்டாள் அக்கா.

அடைப்பு ஒட்டும்வரை மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது, குழல் போட்டு எதையும் உறிஞ்சக்கூடாது. மீறினால் மூக்கு வழியாக மூளைநீர் கசியும், மறுபடி ஆபரேஷன். பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

"மாத்தே குடிக்கலாம்ல?" என்றான் எபெர். சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழலால் ஊரே நாள் முழுக்க உறிஞ்சும் பானம் அது.

"அதுவும் குழல்தானே?"

"அது இரும்பு டாக்டர். நீங்க சொல்றது பிளாஸ்டிக்."

"உறிஞ்சுறது உன் வாய்டா!" என்றாள் எலிதா. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "நீ தொடுற வரைக்கும் நானும் தொடமாட்டேன்" என்று சத்தியமும் செய்துவிட்டாள்.

பார்க்க வந்தவர்களோ ஒவ்வொருவரும் அக்குளில் வெந்நீர்த் தெர்மாஸோடு வந்தார்கள். சுரைக்குடுவை கை மாறி வரும்போது எபெர் அதை ரோஜாப்பூ மாதிரி மோந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தான். ஒருநாள் கரண்டியால் மொண்டு குடித்துப் பார்த்தான். வாயெல்லாம் இலைதான் ஒட்டியது.

ஒரு ஞாயிறு எலிதா சந்தைக்குப் போய்த் திரும்பியபோது அவன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, செருப்ப எடுக்கக் குனிஞ்சேன். மூக்குலேர்ந்து தண்ணி ஒழுகுது."

"மாத்தே குடிச்சியா?"

"ஒரே ஒரு இழுப்புக்கா."

டாக்ஸியில் அவன் தலை குனிந்துவிடாமல் தாடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள் அவள். திட்டியிருந்தால் அவனுக்குப் பயம் குறைந்திருக்கும்.

டாக்டர் மூக்குக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். அடைப்பு கெட்டியாக இருந்தது. "காலைல உப்புத்தண்ணி விட்டுக் கழுவினீங்களா? உள்ள தங்கினது வந்திருக்கு."

"அப்ப ஒரு இழுப்பு பரவாயில்லையா?"

"அடுத்த இழுப்புக்கு மறுபடி வயித்துல கத்திதான்."

வந்தது வந்தாச்சு, பார்வையையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எதிரே உட்கார்ந்தார். அவனுடைய வலது கண்ணைப் பொத்தினார். "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல ஏதாவது அசைஞ்சா சொல்லுங்க." அசைத்துக் காட்ட அவர் கையை இன்னும் தூக்கவில்லை.

"அசையுது டாக்டர். எங்கக்கா மாத்தே குடிக்குது."

டாக்டர் திரும்பினார். எபெருக்கு இடப்பக்கம், அறையின் கோடியில், கைப்பைக்குள்ளிருந்து குடுவை பாதி வெளியே எட்டிப்பார்க்க, எலிதா வாயில் குழலோடு அப்படியே உறைந்திருந்தாள்.

"தலைய திருப்பினீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தினது அவதான்!"

எலிதாவின் கண் நிறைந்துவிட்டது. வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"திரும்பாம சொல்லுடா, இப்ப என்ன பண்றேன்?" என்று, அடியில் சத்தம் வரும்வரை உறிஞ்சினாள்.