ஊமைக் காடி

எங்கள் காடியை ஓட்டும்போது என் வீட்டுக்காரருடைய போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு வரும். என் போனிலிருந்து வராது. கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம்தான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

யாராவது கூப்பிட்டால் குரல் காடி முழுக்கக் கேட்கும். பாட்டைப் போட்டால் திரையில் பேர் வரும், நேரம் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டேன், பாட்டு ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். அவரிடம் சொன்னால், "ஒன் போன் சரியில்லலா" என்பார். கடைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, போன் கெட்டதுக்கு யாராவது காடியைக் கொண்டுபோவார்களா என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஏனென்றால் பாட்டு எனக்காக இல்லை, அம்மாவுக்காக. அம்மா சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அண்ணனோடு இருந்தார். ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு வரவேண்டும். சனிக்கிழமை என் முறை. காது மந்தம் என்பதால் போனைப் பக்கத்தில் வைத்தாலும் கேட்காது, காடி ஸ்பீக்கரில் அலறினால்தான் கேட்கும். அவருக்குப் பிடித்த முருகன் பாட்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அம்மா என் கையைத் தட்டிச் சொன்னார்:

"எல்லார் காடியும் பாடுது. ஒன் காடி மட்டும் ஊமையா இருக்கு."

கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏழெட்டு மாதம் அப்படியே ஊமையாகப் போய் வந்தோம். பிறகு அம்மா போய்விட்டார்.

நான்காம் நாள் காரியம் முடிந்து ஈப்போவுக்குத் திரும்பினோம். சுங்கை சிப்புட் கடைத்தெருவைக்கூடத் தாண்டவில்லை, அவர் தன் போனில் குத்துப்பாட்டைப் போட்டார். மாமனார் இறந்தபோது வருஷத் திதி முடியும்வரை வீட்டிலும் காடியிலும் பாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் இவர். நானும் அந்த வருஷம் முழுக்கப் பாட்டுப் போடாமல் இருந்தேன். இப்போது அணைக்கச் சொன்னேன்.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தானே துக்கம்? அதான் முடிஞ்சிருச்சே."

ஊர் வழக்கம் அப்படித்தான். குத்துப்பாட்டு ஈப்போ வரைக்கும் ஓடியது.

போன மாதம் பின்பக்கக் கேமரா மாற்ற, காடிச் சாமான் கடைக்குப் போனேன். போகிற போக்கில் இதையும் சொன்னேன். கடைக்காரர் காடித் திரையில் என் போன் பேரைத் தொட்டார். உள்ளே இரண்டு கட்டங்கள். ஒன்று பேசுவதற்கு, இன்னொன்று பாட்டுக்கு.

"ரோசாக் இல்லக்கா, எதுவும் கெடல. ஒங்க போனுக்குப் பாட்டை மட்டும் யாரோ அடைச்சி வச்சிருக்காங்க."

ஒரு தட்டு தட்டினார். முருகன் பாட்டு காடியே அதிர வந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன். கேட்க வேண்டியவர் இல்லை.

அந்தக் காடியை ஓட்டுவது நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மழுப்பக்கூட இல்லை. தன் அப்பாவுடைய துக்கத்தில் நான் மறந்துபோய்ப் பாட்டைப் போட்டுவிடுவேன் என்று அடைத்தாராம். வருஷம் முடிந்து திறக்க மறந்துவிட்டாராம்.

"ஒங்க போனுக்கு ஏன் அடைக்கல?"

"நான் மறக்க மாட்டேன்லா."

இதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அம்மாவின் அத்தனை சனிக்கிழமைகளையும் இந்த மனிதரின் மறதி தின்றிருக்கிறது. அந்த டீயைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. செய்யவில்லை. காடிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவர் போன் பேரைத் தொட்டு, பாட்டுக் கட்டத்தை அடைத்தேன். திரும்பி வந்து அதைச் சொல்லவும் செய்தேன்.

"அம்மாவுக்கு இன்னும் வருஷம் ஆகல. நீங்க மறந்துருவீங்க."

மறுநாள் பார்த்தால் திறந்திருந்தது. நான் அடைத்தேன். அதற்கடுத்த நாள் மறுபடியும் திறந்திருந்தது. இப்போதெல்லாம் காடியில் ஏறியதும், பெல்ட் போடுவதற்கு முன்னால் எனக்கு இதுதான் வேலை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாவின் வருஷத் திதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.