சுவர் இடுக்கில் நின்றவர்

திருகோணமலை ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்துக்கொண்டு மூதூர் பஸ்ஸில் ஏறியபோது, காய்ச்சலோடு மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவர் இருந்தார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம். கைபேசியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, சண்டை விளையாட்டொன்றைத் திறந்தார். ஆனால் சண்டை பிடிக்கவில்லை. அவருடைய வீரன் இரண்டு சுவர்களுக்கிடையில் புகுந்து சும்மா நின்றான். எதிரிகள் சுட்டது ஒன்றும் அவன்மேல் படவில்லை.

"இது அளாப்புறது இல்லையா, நானா?" அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். "இல்ல தங்கச்சி. வெளியிலருந்து களவா ஏதும் போட்டு வெல்லுறதுதான் அளாப்புறது. இது கேம் செஞ்சவன் விட்ட ஓட்டை. மகன்தான் கண்டுபிடிச்சான். எனக்கு விளையாட ஏலாது. 'வாப்பா, நீங்க இதுக்குள்ளயே நில்லுங்க, ஒருத்தனும் சுட ஏலாது' எண்டுட்டு, அவன் வெளிய போய்ச் சண்டை பிடிப்பான்."

"மகன் இப்ப எங்க?"

"மௌத்தாகிட்டான். போன நோன்புக்கு முதல்."

அவன் இறந்துவிட்டான் என்று கேட்டதும் என் கை தானாகவே மகளின் நெற்றிக்குப் போனது.

அப்போது திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நாளை விளையாட்டைப் புதுப்பிக்கிறார்களாம். அந்தச் சுவர் இடுக்கை அடைத்துவிடுவார்களாம். முழுவதையும் வாசித்துச் சொன்னேன். பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப நான் எங்க போய் நிக்க, தங்கச்சி?" என்றார்.

மூதூர் வரும்வரை கைபேசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திறக்கவில்லை.