கடல் பக்கம் போகாத பந்து

நம் தேசிய கால்பந்து அணி டிவியில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் இந்தப் பயணம் முடிவானது. எங்கள் வீட்டுக்காரர் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டார்: "இத்தனை கோடிப் பேர்ல உருப்படியா பதினோரு பேர் கிடைக்கலையா?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அடுத்து "தோசை ஆச்சா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. தோசையை அவரையே ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பதில் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன்.

எங்கள் ஆபீஸில் தினேஷ் என்று ஒரு பையன். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை, இவன் பிறந்து வளர்ந்தது அணுபுரம் குடியிருப்பில். வார நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் தூங்கி வழிவான். சனி, ஞாயிறில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறான் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல மாவட்ட டீமுக்கு செலக்‌ஷன் மேட்ச் இருக்குக்கா. சனிக்கிழமை பிராக்டிஸ்லேர்ந்தே வாங்க," என்றான். கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு: அரை மணிக்குக் கொஞ்சம் கூட, பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் நின்று நின்று ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். லாட்ஜில் ஆயிரத்து இருநூறு கேட்டார்கள், தொள்ளாயிரத்துக்கு இறங்கினார்கள். ஃபேன் போட்ட சத்தத்தில் மீதி முந்நூறு போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் குப்பம், நூற்றைம்பது ரூபாய். (ஊர்ப் பெயர் வேண்டாம் என்று தினேஷ் கேட்டுக்கொண்டான். ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் தொல்லையாம்.) படகுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள மணல்தான் மைதானம். வடக்கே இரண்டு கழி, தெற்கே இரண்டு கழி, அவைதான் கோல். மேற்கு எல்லை படகு வரிசை, கிழக்கு எல்லை சாட்சாத் வங்கக்கடல். பதினான்கு பெண் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாடி, என்ன ஆட்டம்! மூன்று பேர் சுற்றி நின்றாலும் பந்து ஒருத்தி காலிலிருந்து இன்னொருத்தி காலுக்கு நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. யாருமே தூக்கி அடிக்கவில்லை. காரணம் எளிமையானது. பந்து கடலுக்குள் போனால், கடைசியாகத் தொட்டவள்தான் நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். அதோடு ஐந்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். அலை இழுத்துக்கொண்டு போய்விட்டால் புதுப் பந்துக்குத் தினேஷ் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டும். அதனால் அவன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தான்: "கடல் பக்கம் வேணாம்! உள்ள குடு, உள்ள குடு!"

இடைவேளையில் என் வீட்டுக்காரரின் கேள்வியை அவனிடம் போட்டேன்.

"ஆளு இல்லாம இல்லக்கா. பத்து வயசுல எங்க பாத்தாலும் இருக்காங்க. பதினாலு வயசுக்கு மேலதான் ஆளே இல்ல. டியூஷன், வேலை, வூட்ல வேணாம்னு சொல்றது… மிச்சம் இருக்கறவங்கள வெச்சுதான் நாட்டுக்கே டீம் எடுக்கறாங்க," என்றவன், நடுவில் நின்ற ஒல்லிப் பெண்ணைக் காட்டினான். "அதோ நிவேதா. எனக்குக் கிடைச்சதுலயே நல்ல ஆளு. நாளைக்கு எடுக்கலைன்னா போதும்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க."

அந்த அம்மா பேர் மல்லிகா. மீன் வியாபாரம். பிள்ளைகள் ஆடுகிற நேரம்தான் கரையில் ஏலம் நடக்கும் நேரம் என்பதால், மகள் ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூடையும் கையுமாக வந்தவரிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னா மேடம், டிவிலேர்ந்து வந்துகீறீங்களா?"

"இல்லைங்க, சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

"இதுல பாக்கறதுக்கு இன்னா கீது? ஒரு பந்து பின்னால பதினாலு பேரு. வயசுக்கு வந்த பொண்ணு இன்னும் எத்தினி நாளு இப்டி ஓடிகினு இருக்கும்? நாளைக்கு எடுத்தா சர்க்காரு ஹாஸ்டலு, சோறு, படிப்பு அல்லாம் குடுப்பாங்களாம். எடுக்கலையா, அத்தோட முடிஞ்சிது. எங்கூட யாவாரத்துக்கு வரட்டும்."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்த வேகத்தைப் பார்த்ததும், வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கூடை எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியாது.

அன்று மிச்ச நேரம் மாமல்லபுரத்தில் சுற்றினேன். சிற்பங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆளை விடுங்கள். மத்தியானம் சாப்பிட்ட வறுத்த சங்கரா மீனைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் எல்லோரும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். மல்லிகாவும் வந்தார். "திரும்பி கூட்டிகினு வர ஆளு வேணுமில்ல," என்று காரணம் சொன்னார்.

எட்டு மணிக்கு ஆட்டம். எதிரே ஒரு பயிற்சி மையத்துப் பெண்கள், ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில். மைதானம் வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தது. கிழக்கே கோட்டுக்கு அப்பால் புல், அதற்கப்பால் ஒரு காம்பவுண்டு சுவர், அதற்கு மேலே வெயில்.

முதல் கால் மணி நேரத்தில் நம் பிள்ளைகள் இரண்டு கோல் வாங்கினார்கள். பந்து கிடைத்தால் அழகாகத்தான் கொண்டுபோனார்கள், ஆனால் எல்லோரும் மேற்குப் பக்கமே கும்பலாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கிழக்கே பாதி மைதானம் காற்று வாங்கியது. எதிரணி அந்த வழியாகவே ஜம்மென்று வந்து கோல் போட்டுவிட்டுப் போனது. எனக்குக் கால்பந்து நுணுக்கம் ஒன்றும் தெரியாது. தெரியாதவள் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்:

"ஏன் தினேஷ், அந்த வெயில் பக்கம் ஒருத்தி கூடப் போக மாட்டேங்கறா? கண் கூசுதா?"

அவன் மைதானத்தைப் பார்த்தான், சுவருக்கு மேலே வெயிலைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ அக்கா… அது கடல் பக்கம்!"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ரெண்டு வருஷமா நான்தானே கத்தினேன். வெயில் வர்ற பக்கம் போகாதன்னு நானே பழக்கி வெச்சிருக்கேன். எம் புள்ளைங்கள நானே பாதி கிரவுண்டுல அடைச்சு வெச்சிட்டேன்." இருபத்தேழு வயசுப் பையன், கண் கலங்கிவிட்டது.

இடைவேளையில் பிள்ளைகளைக் கிழக்குக் கோட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். "இங்க கடல் இல்ல. வெளிய போனா த்ரோ, அவ்ளோதான். யாரும் நீந்த வேணாம், யாரும் வெளிய உக்கார வேணாம். நிவி, இந்தப் பக்கம் பூரா உனக்கு."

இரண்டாம் பாதியில் நிவேதா தயங்கித் தயங்கித்தான் கிழக்கே போனாள். ஒரு தடவை பந்து வெளியே போனதும் பழக்கத்தில் பின்னாலேயே ஓடிவிட்டு, நடுவர் விசில் ஊதியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் பிடித்துக்கொண்டாள் பாருங்கள்! கோட்டை ஒட்டியே ஓடினாள். துரத்தியவர்கள் பந்து வெளியே போய்விடும் என்று நினைக்கும்போதெல்லாம் அது அவள் காலிலேயே இருந்தது. கடைசியில் உள்ளே தட்டிவிட்டாள், நடுவில் நின்ற பெண் கோல் போட்டாள்.

அதுவரை மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ இறால் விலை பேசிக்கொண்டிருந்த மல்லிகா திரும்பி எழுந்து நின்றார். அடுத்த தடவை மகள் காலுக்குப் பந்து வந்ததும் கத்தினார்: "ஏய் நிவி! ஓடுறி! வுடாத!" அவர் குரலுக்கு எதிரணிப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வியில்தான் முடிந்தது.

பெயர்களை வாசித்தார்கள். குப்பத்திலிருந்து கோல்கீப்பர் பெண் மட்டும் தேர்வானாள். நிவேதா பெயர் இல்லை. அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மல்லிகா நேரே தேர்வாளரிடம் போனார். "இன்னா சார், எம்பொண்ணு கடைசில ஓடுனத பாத்தியா, இல்ல குனிஞ்சிகினு எய்திகினே இருந்தியா?"

அந்த மனிதர் கோபப்படவில்லை. "பாத்தேம்மா. ரெண்டாவது பாதி பிரமாதம். முதல் பாதியில ஆளே கண்ல படலியே? அடுத்த வருஷம் பெரிய வயசுப் பிரிவுல கூட்டிட்டு வாங்க."

"அடுத்த வருசம் யாரு வுடப்போறா?" என்று சொல்லிவிட்டு மல்லிகா விடுவிடுவென்று நடந்தார். அடுத்து தினேஷுக்கு விழுந்தது: "இன்னாப்பா நீ, மண்ணுல மட்டுமே ஆடவுட்டா இப்டித்தான் ஆவும்!" அவன் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாளாவது அணுபுரத்துப் புல் மைதானத்தில் அனுமதி கேட்டு ஆட வைக்கிறேன் என்றான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இந்தப் பயணத்துக்கான விவரங்களை போனில் குறித்துக்கொண்டேன், உங்களுக்கும் உதவும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முட்டுக்காடு வழியாக ஈ.சி.ஆர். பஸ்ஸில் வாருங்கள், செங்கல்பட்டைச் சுற்ற வேண்டாம். இந்த மாதிரிக் கடற்கரைப் பயிற்சி எதையாவது பார்க்க ஆறு மணிக்குள் போய்விட வேண்டும், ஏழரைக்கு மணல் கொதிக்கும். செங்கல்பட்டு மைதானத்தில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஏதாவது வாங்கிப்போக ஆசைப்பட்டால் ஒரு பந்து வாங்கிப்போங்கள். எனக்கு லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால், பாதி கிடைத்தது. மீதி அந்தத் திரும்பும் பஸ்ஸில் கிடைத்தது. நான் ரயிலுக்குப் போயிருக்க வேண்டியவள், மனசு கேட்காமல் அவர்களோடு ஏறிவிட்டேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நிவேதா குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். செலக்‌ஷனுக்காகத் தினேஷ் வருஷ ஆரம்பத்திலேயே ஒவ்வொருத்திக்கும் கொடுத்து வைத்தது அது. ஆட்டத்தை விடுகிறவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அவன் பையில் இந்த வருஷம் அப்படி வந்த மூன்று ஜோடி இருந்தன. மண்ணைத் தட்டி, லேஸை உள்ளே செருகி, அவனிடம் நீட்டினாள். அவனுக்கு வாங்க மனசில்லை, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பக்கத்து சீட்டிலிருந்து மல்லிகா கை நீட்டி அதைப் பிடுங்கி மகள் மடியில் போட்டார்.

"இத்த எதுக்குடி குடுக்கற? அடுத்த வாரம் அந்த அணுபுரம் கிரவுண்டுல வெறுங்காலோடவா ஓடுவ?"

நிவேதா அம்மாவைப் பார்த்தாள். பிறகு, இறங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே, பூட்ஸை மறுபடி காலில் மாட்டிக்கொண்டாள்.