அவள் திரும்பிப் போனது சரியா?

அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னால் குறைவு. இடைவேளையிலேயே எழுந்து வந்திருப்பேன். கூட வந்திருந்த நர்ஸ் அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியை அடைத்து உட்கார்ந்திருந்ததால் முழுவதையும் பார்த்துத் தொலைத்தேன்.

கதை இதுதான். கணவன் லாரி ஓட்டுகிறவன், நல்லவன், ஊரே கொண்டாடுகிறவன். திருவிழாக் கூட்டத்தில் ஏதோ கோபத்தில் மனைவியை ஓங்கி ஓர் அறை விடுகிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவன் மழையில் நிற்கிறான், வெயிலில் நிற்கிறான், தாடி வளர்க்கிறான், பின்னால் யாரோ வயலின் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் வீட்டு வாசற்படி ஏறுகிறாள். தியேட்டர் முழுக்கக் கைதட்டல். எனக்குப் பின்னால் ஒருவன் விசில் அடித்தான். அறை விழுந்தபோதும் அவன்தான் விசில் அடித்தான்.

நாங்கள் பொம்மிடியில் காலை ரயில் ஏறிச் சேலத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள். நான் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பில் உட்காருகிறேன். நர்ஸ் அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் பிரிவில் இருக்கிறார். எங்கள் எதிரே ஜன்னலோரம் உட்காருகிறவள் எல்லோரையும்விடச் சின்னவள், ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் வேலை. கல்யாணத்துக்கு முன்பும் எங்களோடு வந்துகொண்டிருந்தவள்தான். கம்பைநல்லூர்ப் பக்கம் வாழப் போனவள், போன ஆடி முடிந்ததும் மறுபடி எங்கள் பெட்டியில் ஏறினாள். இரண்டு வயது மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று பொம்மிடியில் தெரியாத ஆள் இல்லை. ஏன் வந்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது. வூட்டு சங்கதி ரயில் ஏறக் கூடாது என்பது எங்கள் பெட்டியின் சட்டம். ஒரு தடவை ஒருத்தி கருப்பூர் தாண்டும்போது மாமியாரைப் பற்றி வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேரும் முன்பே அந்த அழுகை மாமியார் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் உஷார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? படத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டோம். மாமியார் கொடுமை என்றால் சீரியல் மாமியாரைப் போட்டுத் திட்டுவாள் ஒருத்தி. புருஷன் குடிக்கிறான் என்றால், "எதுக்குங்க அந்த ஹீரோ எல்லாப் பாட்டுலயும் பாட்டிலோடவே நிக்கறான்?" என்பாள். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். ஆறுதலையும் படத்துக்கே சொல்லுவோம். மகளுக்குச் சொல்வதுபோல் மருமகளுக்குச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். சாடை பேச எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதனால் இந்தப் படம் வந்ததும் பெட்டிக்கு அல்வா கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. அவள் திரும்பிப் போனது சரியா, தப்பா? படத்தின் நாயகியைப் பற்றித்தான் பேச்சு. யாரைப் பற்றிப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். அவள் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருப்பாள்.

"அவ போனதுதாங்க சரி" என்று நர்ஸ் அக்கா ஆரம்பிப்பார். "அடிக்கிற கைதான் அணைக்கும். ஒரு அறைக்கெல்லாம் பொட்டியத் தூக்குனா ஊர்ல ஒரு வூடு நிக்காது."

"அணைக்கிற கைக்கு அடிக்காம இருக்கத் தெரியாதுங்களா?" என்பேன்.

"அவன் எப்படி அழுதான் பாத்த இல்ல?"

"கிளிசரின் போட்டா நானுந்தான் அழுவேன். அழுவறதுக்கு எதுக்குங்க சட்டையக் கழட்டறான்?"

பெட்டியில் கூட வருகிற காலேஜ் பிள்ளைகள் சிரிப்பார்கள். நர்ஸ் அக்கா சிரிக்க மாட்டார். முதல் வாரம் இப்படித்தான் போனது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் நாலு பேர், அவர் பக்கம் நாலு பேர் என்று பெட்டி இரண்டாகப் பிரிந்தது. டிபன் பாக்ஸில் புளிசாதம் கொண்டுவந்தால் எனக்கு ஒரு வாய் எடுத்துவைக்கிறவர், மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் அவருக்கு இடம் போட்டுவைப்பதை நிறுத்தினேன்.

எனக்கு அந்தப் படம் எப்படிப் போனால் என்ன? ஜன்னலோரக்காரி திரும்பிப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். நானும் புருஷன் வீட்டை விட்டு வந்தவள். வந்து வெகுநாளாகிவிட்டது. அப்போது எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, போ என்று சொல்ல ஊரே இருந்தது. அந்த ஊரின் குரல் இப்போது நர்ஸ் அக்காவின் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அவர் என் முகத்தைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். "படத்துல பக்கத்து வூட்டுக்காரி ஒருத்தி வருவாளே, தானும் வாழாம அடுத்தவளையும் வாழ விடாம. அவளாட்டம் சில பேரு நெசத்துலயும் இருக்கறாங்க."

யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. "அதே படத்துல ஒரு பெரியம்மா வருவாளுங்களே" என்றேன் நானும் பொதுவாக. "தெனம் பத்துப் பொம்பளைங்க படியில வுழுந்துட்டேன், படியில வுழுந்துட்டேன்னு ஒடஞ்ச கையோட வந்து நிக்கறதக் கண்ணால பாத்துட்டு, வூட்டுக்கு வந்து பழமொழி சொல்லுவாளே, அந்தப் பெரியம்மா."

படத்தில் அப்படி ஒரு பெரியம்மா இல்லை. நர்ஸ் அக்காவின் முகம் கறுத்துப்போனது. அன்று சேலத்தில் இறங்கும்போது என்னைத் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் போனார்.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று சேதி வந்தது. அவளுடைய அம்மாவே சந்தையில் யாரிடமோ சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். போய்விட்டால் போனதுதான். பெண் சம்மதித்துப் போன பிறகு அடுத்த தடவை கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால் எந்த வீடும் கதவைத் திறக்காது. எனக்கு அது தெரியும். அதனால் சனிக்கிழமை காலை நான் சண்டைக்குத் தயாராகவே ரயில் ஏறினேன்.

நர்ஸ் அக்காவும் அப்படித்தான் ஏறியிருந்தார். லோக்கூர் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது. வரிந்துகட்டிக்கொண்டு இரண்டு பேரும் கத்தினோம். பக்கத்துப் பெட்டி ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். படத்து நாயகிக்குச் சூடு சொரணை இல்லை என்றேன். எனக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது என்றார். அந்த டைரக்டரைக் கூட்டிவந்து இந்த ரயிலில் ஒருநாள் உட்காரவைக்க வேண்டும் என்றேன். உட்காரவைத்தால் என் வாய்க்குப் பயந்து சங்கிலியைப் பிடித்து இழுத்துவிடுவான் என்றார்.

"சும்மா இருங்க" என்று நான் கை ஓங்கினேன்.

"நீ சும்மா இரு! ரோஷம் சோறு போடுமா? ரெண்டு வயசுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு எத்தன நாளைக்கு அவ அம்மா வூட்டுலயே உக்காந்திருப்பா?"

நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் காத்திருந்தது அதற்காகத்தான் என்பதுபோல் பிடித்துக்கொண்டேன். "அக்கா, படத்துல அவளுக்குப் புள்ளையே இல்லீங்களே?"

நர்ஸ் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. கூட இருந்தவர்கள் தலையைக் குனிந்து போனை எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் துள்ளியது, பொய் சொல்வானேன். ஒரு நொடி முழுக்கத் துள்ளியது.

ஜன்னலோரத்திலிருந்து அவள் முகத்தைத் திருப்பினாள்.

"நான் இன்னும் அந்தப் படத்தப் பாக்கவே இல்லீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஆனா எல்லாம் தெரியும். நீங்க சொல்லிச் சொல்லியே தெரியும். அவ போனா சரி, போவாட்டி தப்பு, போனா தப்பு, போவாட்டி சரி. தெனம் பொம்மிடியில இருந்து சேலம் வரைக்கும் என்னைய வச்சுப் படம் ஓட்டறீங்க. உனக்கு என்னடி ஆச்சுன்னு ஒருத்திகூட என்னையப் பாத்துக் கேக்கலீங்களே."

நர்ஸ் அக்காதான் தடுமாறிக்கொண்டு, "இல்ல கண்ணு, ஏதோ ஒரு அடி, கோவத்துல" என்று இழுத்தார்.

"படத்துல ஒண்ணுதாங்கக்கா" என்றாள் அவள்.

ரயில் டேனிஷ்பேட்டையில் நின்று கிளம்பியது. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. நர்ஸ் அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பை மேல் கிடந்த முந்தானையை விலக்கி அவளுடைய இடது கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டு கொஞ்சம் கோணி இருந்தது. நான் தினமும் எதிரே உட்கார்ந்து வருகிறவள். என் கண்ணில் படவில்லை. அவருக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

"யாரு கட்டுனது இத? எலும்பு சரியாவே கூடல."

"அங்க புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படியில வுழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் சாடையாய்ச் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, எல்லோர் மேலும்தான்.

"நாளைக்கு எப்ப வராங்க?" என்று அவளிடம் கேட்டார் நர்ஸ் அக்கா.

"காலையில."

"நானும் வரேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் வந்து சேரு. வாய் மட்டும் இருந்தா போதுமா?"

அந்த நேரத்திலும் அவருக்கு என்னைக் குத்தாமல் இருக்க முடியவில்லை. அதைவிட எரிச்சல், கூடப் போய் உட்கார வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியதுதான். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் போனபோதே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். மாமியார், மாமனாரின் அண்ணன், புதுச் சட்டை போட்ட மாப்பிள்ளை. தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் நெருக்கிக் கட்டிய மல்லிகையும் இருந்தன. அந்தப் பூவை மாமியார் கையால் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கிளம்ப வேண்டியதுதான். அவளுடைய அம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மகள் போனால் போதும் என்று முகத்திலேயே தெரிந்தது. எங்களை எதற்கு வந்தீர்கள் என்பதுபோல் பார்த்தார்.

மாமியார் நயமாகத்தான் பேசினார். ஆம்பளை கோபம், வயசுக் கோபம், கண் பட்டது என்று ஒரு சுற்று வந்துவிட்டுக் கடைசியில் சொன்னார். "இப்ப ஒரு படம் ஓடுச்சே, பாத்தீங்களா? நாங்க வூட்டோட போய்ப் பாத்தோமுங்க. அந்தப் புள்ள எவ்வளவு பாந்தமா திரும்பி வந்துச்சு! இவன்கூடத் தியேட்டர்ல அழுதுட்டான். அதாட்டம் நம்ம புள்ளையும் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

நான் நர்ஸ் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவர் ரயிலில் சொன்ன அதே நியாயம் மாமியாரின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அந்தப் படத்த நான் மூணு தடவ பாத்தேனுங்க" என்றார் நர்ஸ் அக்கா. "பொய்யிங்க அது."

இதைக் கேட்கத்தான் அத்தனை நாளும் தொண்டை வற்றக் கத்தினேன். கேட்டபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

"நடுவுல நீங்க யாருங்க?" என்றார் மாமியார். நயம் போய்விட்டிருந்தது.

"கூட ரயில்ல போறவ."

மாமியார் அவருக்குப் பதில் சொல்லாமல் பூவை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரோரம் நின்றிருந்த மருமகளிடம் போய், "தலையக் குனி கண்ணு" என்றார். அவள் குனியவில்லை. இடுப்பில் இருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் போனாள்.

"அது படமுங்க அத்தை" என்றாள். "அவ வாசப்படி ஏறுனதோட முடிஞ்சுபோச்சு. எனக்கு அதுக்கப்புறம் உள்ள போவோணும். நான் வரலீங்க."

தியேட்டரில் அழுதவன் அங்கே அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாக எழுதியிருந்த பார்வை. டீத் தம்ளர்களோடு நின்றிருந்த அவளுடைய அம்மாவும் அதைப் பார்த்தார். தம்ளர்களைக் கீழே வைத்தார். சம்பந்தியின் கையிலிருந்த பூவை வாங்கித் தட்டில் போட்டு, தட்டை அவர்களிடமே நீட்டினார்.