மேடம் பதில் சொல்லாத வியாழக்கிழமை

கன்னியம்மாவும் நானும் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பது எங்கள் வேலை. அவள் கை எங்கள் எல்லோரையும்விட வேகம். ஒரு காலத்தில் அவளால் கத்தரியைத் தொடவே முடியாமல் இருந்தது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சொன்னது அவளேதான்.

1989 ஜூனில் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. வீடு பீர்க்கன்கரணையில், ஏரியை ஒட்டிய தெருவில். அவள் கணவன் சின்னப்பனுக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதே காம்பவுண்டில் அடுத்த போர்ஷனில் சின்னப்பனின் அக்கா அருள்மேரி குடியிருந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் அருள்மேரிக்குக் குழந்தை இல்லை.

பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தபோது, ஒரு காலையில் கன்னியம்மா அரிவாள்மணையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் பிள்ளை கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தது. அப்போது எங்கிருந்தோ ஓர் எண்ணம் வந்தது. இந்தப் பிள்ளையை நானே ஏதாவது பண்ணிவிட்டால்?

"யாரோ காதுல சொன்ன மாரி இல்ல. என் மனசேதான் சொல்லிச்சு. அதாங்க்கா பயம்" என்றாள் என்னிடம்.

அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தது. அவளால் திரும்பிப் போக முடியவில்லை. அழுகுரல் கேட்டு அருள்மேரிதான் வந்து தூக்கினாள்.

அன்றிலிருந்து அந்த எண்ணம் தினமும் வந்தது. விரட்ட விரட்டக் கூடுதலாக வந்தது. அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள். கத்தியை, கத்தரிக்கோலை, பிளேடை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் கட்டி அதே பரணில் ஏற்றினாள். பிறகு வெந்நீரைப் பார்த்தாலும் பயம், ஸ்டவ்வைப் பார்த்தாலும் பயம். பிள்ளையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினாள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் பிள்ளை பசியில் கத்தினாலும் வாசலிலேயே நிற்பாள். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்து, இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். கோயில் படியில் அத்தனை பேர் முன்னால் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அருள்மேரி சும்மா இருக்கவில்லை. "பெத்த புள்ளைய தூக்கக்கூட மாட்டேங்குறா. இன்னாடா பொண்டாட்டி இவ?" என்று தம்பியிடமே கேட்டாள்.

கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று அவள் நினைத்தாள். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

சின்னப்பன் அவளைத் தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கிருந்த லேடி டாக்டர் ரத்தம் சோதித்து, சத்து மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, "தூங்கறியாம்மா?" என்று கேட்டார். கன்னியம்மாவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "வியாழக்கிழமை அமலராணி மேடம் வருவாங்க. பின்பக்கம் ரூம். அவங்ககிட்ட கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போ" என்றார்.

அமலராணிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். பெங்களூரில் மனநல சிகிச்சை படித்தவர். காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும் ஃபேன். அவ்வளவுதான்.

முதல் மூன்று வியாழக்கிழமையும் கன்னியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி என்றாள், கால் உளைச்சல் என்றாள். மேடம் தோண்டிக் கேட்கவில்லை. தலைவலியைப் பற்றியே அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும், "அடுத்த வியாழன் இதே நேரம், இந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்பார்.

மூன்றாவது வாரம் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சின்னப்பன் உள்ளே போனான். கதவு பாதி திறந்திருந்தது.

"இன்னா மேடம் சொல்றா? என்னான்னே தெரியல. ஒரே பேஜாரா கீது" என்றான்.

"உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா அவங்க இங்க பேசறதை நான் வெளியில சொல்ல மாட்டேன்."

"நான் அவ புருசன் மேடம்."

"தெரியும். இந்த மாதிரி ஒடம்புக்கு வந்தா பொதுவா வீட்ல இருக்கவங்க என்ன செய்யலாம்னு கேளுங்க, சொல்றேன். அவங்க என்ன பேசினாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. உயிருக்கு ஆபத்துன்னா நானே உங்களைக் கூப்பிடுவேன். அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அவள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாத விஷயத்துக்கே இப்படிக் கதவைச் சாத்துகிறவரிடம், சொன்னால் என்ன?

நாலாவது வியாழக்கிழமை சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிறகு, கதவு திறக்கும், யாரோ வந்து கையைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தாள். ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேடம் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவில்லை. அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் பார்த்ததே அதைத்தான்.

மேடம் நிதானமாகக் கேள்வி கேட்டார். "அந்த எண்ணம் வரும்போது ஆசையா இருக்கா, பயமா இருக்கா?"

"ஐயோ! ஆசையா? செத்துடலாம்னு கீது மேடம்."

"செத்துடணும்னு ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்ல. புள்ளைக்கு யாரு இருக்காங்கன்னு வுட்டுட்டேன்."

"யாராவது பேசற மாதிரி குரல் கேக்குதா? குழந்தை வேற ஏதோ, அது நம்ம குழந்தையே இல்லைன்னு தோணுதா?"

"அப்படியெல்லாம் இல்ல."

இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் மேடம் சொன்னார்: "கன்னியம்மா, இது ஒரு வியாதி. வேண்டாத எண்ணம் வந்து ஒட்டிக்கிற வியாதி. பிள்ளை பெத்த நிறையப் பேருக்கு வரும், யாரும் வெளியில சொல்றதில்ல. பிள்ளைமேல பாசம் இல்லாதவங்களுக்கு இந்தப் பயம் வராது. இதே நாற்காலியில உக்காந்து இதே மாதிரி சொன்னவங்க இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன். அவங்க பிள்ளைங்க இப்ப ஸ்கூலுக்குப் போகுது."

"அப்ப நான் கொலைகாரி இல்லியா மேடம்?"

"இல்ல."

அன்று வெளியே வந்ததும் கன்னியம்மா சின்னப்பனிடம் பசிக்கிறது என்றாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டலில் ஆறு இட்லி சாப்பிட்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இங்கேயே முடிந்துவிட்டதென்று அவள் நினைத்தாள். முடியவில்லை. வாரம் ஒரு நாள் வரும் மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது பயத்தின் வேகத்தைக் குறைத்தது. ஆனால் எண்ணம் வருவது நிற்கவில்லை. வந்தால் உடனே மேடத்தைப் பார்த்து, "நான் அப்படிப் பண்ண மாட்டேன் இல்ல மேடம்?" என்று கேட்க வேண்டும் போலிருந்தது. மேடம் "மாட்டீங்க" என்றால் அரை நாள் நிம்மதி. அப்புறம் மறுபடி. வியாழக்கிழமை போதாமல் போயிற்று. திங்கள், புதன் என்று மேடம் எந்தெந்த நாளில் எந்த வார்டுக்கு வருகிறார் என்று விசாரித்து, வராந்தாவில் நின்று மறித்துக் கேட்டாள். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை உட்கார்ந்ததும் அதே கேள்வியைக் கேட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கேள்விக்கு நான் நிறைய தடவை பதில் சொல்லிட்டேன். தப்பு என்மேல. இவ்வளவு நாள் சொல்லியிருக்கக் கூடாது. இனிமே இதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"என் பதில்தான் இப்ப உங்களுக்கு மாத்திரை மாதிரி ஆயிடுச்சு. நான் சொல்லச் சொல்ல, அந்த எண்ணம் ஏதோ பெரிய விஷயம்னு உங்க மனசு நம்பிக்குது. எண்ணம் வரட்டும். விரட்டாதீங்க, பதில் தேடாதீங்க. பஸ் ஸ்டாண்டுல நம்ம பஸ் இல்லாத பஸ் எத்தனை வருது, எல்லாத்துலயுமா ஏறறோம்?"

கன்னியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான், கடைசியில் கைவிட்டுவிடுவார்கள் என்று.

அடுத்த வியாழன் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. அந்தப் பதினைந்து நாளும் கேள்வி வந்தது. கேட்க ஆள் இல்லை. சின்னப்பனிடம் கேட்க முடியாது. வேறு வழியில்லாமல் எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுத் துணி துவைத்தாள், வீடு பெருக்கினாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு கங்கையம்மாளோடு வாய்ச்சண்டை. அது முடிந்து குடத்தோடு வீட்டுக்கு வந்தபிறகுதான், காலையிலிருந்து அந்த எண்ணம் வந்ததை அவள் கவனிக்கவேயில்லை என்று தெரிந்தது. குடத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாளாம்.

மூன்றாவது வியாழன் போனாள். அவளுடைய நாற்காலி அவளுக்காகக் காலியாகவே இருந்தது. இரண்டு வாரம் ஏன் வரவில்லை என்று மேடம் அவளைக் கேட்கவில்லை.

"நீங்க சொல்லாமயே பாஞ்சு நாளு ஓடிப்பூச்சு மேடம்" என்றாள். "புள்ள நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு உங்கமேல கோவம் இன்னும் போவல."

"இருக்கட்டும். கோவத்தோடயே வேலை பார்க்கலாம்" என்றார் மேடம். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வைத்தியமே சூடு பிடித்தது. வீட்டில் அருள்மேரிக்கும் சின்னப்பனுக்கும் சொல்லலாமா என்று மேடம் கேட்டார். "நீங்க சரின்னாதான்" என்றார். கன்னியம்மா ஒரு வாரம் யோசித்து, தானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றாள். ஆஸ்பத்திரி அறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சொல்லி முடித்ததும் சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அருள்மேரிதான் முதலில் பேசினாள்.

"இத்தினி மாசமா இத்த மனசுல வெச்சினு எப்டிடீ இருந்த? நான் வேற உன்ன அந்தப் பேச்சு பேசிட்டேனே!" தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். "புள்ளைய நீ எங்கிட்டயே வுட்டுட்டா நல்லா இருக்கும்னு எனக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு. அத்தயும் சொல்லிட்றேன். நீ தப்பா நெனச்சுக்காத."

கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், மேடம் பஸ் பிடித்துப் பீர்க்கன்கரணைக்கு வந்தார். சின்னப்பன் பரணில் ஏறிச் சாக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். அரிவாள்மணை துருப்பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். கன்னியம்மா உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்க வேண்டும், பிள்ளை அதே அறையில் பாயில் இருக்கும். இந்த மாதிரி ஒரு நாள் வரும் என்று மேடம் அவளை ஒரு மாதமாகவே படிப்படியாகப் பழக்கியிருந்தார். முதலில் ஸ்பூன், பிறகு பிளேடு, பிறகு கத்தரிக்கோல்.

மேடம் முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். இரண்டு காய் முடிந்ததும் எழுந்து செருப்பைப் போட்டார்.

"முனையில டீக்கடை இருக்கு இல்ல? போய்ட்டு வரேன். அருள்மேரி, நீங்களும் வாங்க."

"மேடம், போவாதீங்க."

"கை நடுங்கினா நடுங்கட்டும். நறுக்கிக்கிட்டே இருங்க."

போய்விட்டார்கள். எண்ணம் வந்தது. வராமல் இருக்குமா? வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. வா, வந்து உட்காரு, எனக்கு வேலை இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த காயை எடுத்தாள். பிள்ளைக்கு எட்டு மாதம். தவழ்ந்து வந்து அவள் முதுகுப்பக்கப் புடவையைப் பிடித்து இழுத்தது. அவள் அரிவாள்மணையை மடக்கித் தள்ளி வைத்துவிட்டு, எந்தத் தாயும் செய்கிற மாதிரி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மேடமும் அருள்மேரியும் திரும்பி வந்தபோது பிள்ளை மடியிலேயே தூங்கிவிட்டிருந்தது. கத்தரிக்காய் பாதி அப்படியே கிடந்தது. மேடம் அதைப் பார்த்து, "மீதியை நான் நறுக்கட்டுமா?" என்று கேட்டார். "வேணாம், நானே நறுக்குவேன்" என்றாள் கன்னியம்மா.

ஈஸ்டர் முடிந்து ஞானஸ்நானம் வைத்தார்கள். மேடம்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று கன்னியம்மா அடம் பிடித்தாள். மேடம் முடியாது என்றார்.

"உங்க குடும்பத்துல ஒருத்தியா ஆயிட்டேன்னா, நாளைக்கு மறுபடி ஏதாவது கஷ்டம்னா யாருகிட்ட மனசு விட்டுப் பேசுவீங்க? சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாததைச் சொல்லத்தானே அந்த நாற்காலி?"

அருள்மேரிதான் ஞானத்தாயாக நின்றாள். பிள்ளைக்கு சவுரிமுத்து என்று பெயர் வைத்தார்கள். அன்று முழுக்கப் பிள்ளையைத் தூக்கிவைத்திருந்தது கன்னியம்மாதான்.

வைத்தியம் ஒரேயடியாக முடிந்துவிட்டது என்று அவள் சொல்வதில்லை. 1993இல் இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தபோது அந்த எண்ணம் மறுபடி தலைகாட்டியது. இம்முறை பரணில் எதையும் ஏற்றவில்லை. நேராக வியாழக்கிழமை போய் உட்கார்ந்தாள். இரண்டே மாதத்தில் சரியாயிற்று. அந்தப் பெண்ணுக்கு மூன்று வயதானபிறகு எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எனக்கு இதையெல்லாம் அவள் சொன்னது 1997இல், ஒரு சந்திப்புக்குப் பிறகு. ஒரு சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷனில் இரண்டு பேரும் ரயிலுக்கு நின்றிருந்தோம். கொஞ்சம் தள்ளித் தலை நரைத்த அம்மா ஒருவர் நின்றிருந்தார். கன்னியம்மாவை ஒரு முறை பார்த்தார், பிறகு தண்டவாளத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தெரிந்தவர்போலவும் இருந்தது, தெரியாதவர்போலவும் இருந்தது.

"யாருடீ அது?"

"வெளிய பாத்தா அவங்களா பேச மாட்டாங்க. பேசலாமா வேணாமான்றது நம்ம இஷ்டம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், நல்லா கீறீங்களா? இது எங்கூட வேல செய்ற அக்கா. அக்கா, நான் ஒடம்பு முடியாம இருந்தப்ப என்னப் பாத்துக்கினது இவங்கதான்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். மூன்றாவது என்றாள் கன்னியம்மா, கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை என்றாள். ரயில் வந்தது. கூட்டத்தில் மூன்று பேரும் முண்டியடித்து ஒரே பெட்டியில் ஏறினோம்.