கச்சான் காற்றில் பறந்த படங்கு

இன்று ஒரு கடையில், கூடாரம் கட்டுகிற தடித்த துணியான படங்கொன்றைப் புதிதாக விரித்துக் காட்டினார்கள். அந்த மெழுகு மணம் பட்டதும் எனக்கு மறுபடியும் எட்டு வயது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்த வாப்பா, பள்ளிக்கூட விடுமுறையில் எங்களை உம்மாவின் ஊரான வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஒரு குளக்கரைக்குக் கூட்டிப்போனார். இரண்டு மரங்களுக்கிடையில் கயிறு கட்டி, படங்கைப் போட்டுக் கூடாரம் எழுப்பினோம். நானும் தம்பியும் உள்ளே புகுந்து குதித்தோம்.

சோறு கொதிக்கும்போது கச்சான் காற்று கிளம்பிப் படங்கைப் பிடுங்கிக் குளத்துக்குள் வீசியது. நீச்சல் தெரியாத வாப்பா முழங்கால் தண்ணீரோடு நின்றுவிட்டார்.

"போச்சுது. இனி ஊட்டுக்குப் போவம்," என்றார். தம்பி அழத் தொடங்கினான்.

உம்மா அகப்பையை என் கையில் தந்தா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தா. நாங்கள் கத்தின கத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. கயிற்றைப் பல்லில் கடித்தபடி படங்கை இழுத்து வந்தா.

"என்ன புள்ள, ஒனக்கு நீந்தத் தெரியுமெண்டு ஒருநாளும் சொல்லல்லியே?" வாப்பா திகைத்துப்போனார்.

"நீங்க கேக்கல்லியே!"

படங்கை எங்களிடம் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே உம்மா திரும்பவும் குளத்துக்குள் பாய்ந்தா. இந்த முறை அங்கே எடுத்துவர எதுவும் இருக்கவில்லை.