சிறுநீரகம் அனுப்பிய பொதிகள்

கக்கூசில் சவர்க்காரத் தூளைக் கொட்டிவிட்டுக் கழுவாமல் வந்துவிட்டார் என்று என் வீட்டுக்காரரைத்தான் முதலில் ஏசினேன். அவ்வளவு நுரை. தூளைத் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணியும் நான் நம்பவில்லை. அடுத்தடுத்த விடியல்களிலும் அதே நுரையைக் கண்ட பிறகுதான், அது என்னிலிருந்து வருகிறது என்று விளங்கியது.

பிறகு கால் வீங்கியது. விரலால் அமத்தினால் குழி விழுந்து, அது திரும்ப நிரம்ப நேரம் எடுத்தது. எங்கள் ஊர் ஆரையம்பதியில் என் வயதுக்காரிகள் பலருக்குக் கால் வீங்கும். நின்று வேலை செய்வதால் என்று சொல்லிக்கொள்வோம். நானும் அப்படியே சொன்னேன். நீங்கள் சொல்லாதீர்கள். நுரையும் வீக்கமும் சேர்ந்து வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டவுனில் எங்களைப் பார்த்த டொக்டர் என் மகள் வயதுப் பெண். என் சலத்தில் (சிறுநீரில்) புரதம் (உடம்பைக் கட்டும் சத்து) போகிறது என்றார்.

"சிறுநீரகத்துக்குள்ள ஒரு அரிதட்டு (சல்லடை) இருக்கம்மா. அது பழுதாப் போச்சு. என்ன பழுது எண்டு தெரிஞ்சாத்தான் மருந்து. சில பழுது குளிசைக்கு (மாத்திரைக்கு) அடங்கும். தழும்பாப் போயிருந்தா மிசின்தான்."

மிசின் என்பது இரத்தச் சுத்திகரிப்பு. எந்தப் பழுது என்று அறிய முதுகால் ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். அதற்கு நாள் குறித்துவிட்டு, இன்னொன்றும் கேட்டார். அன்று விடிந்ததும் போகும் முதற் சலம் ஒரு ஆராய்ச்சிக்கு வேண்டுமாம்.

"உடம்பில உள்ள ஒவ்வொரு கலமும் (உயிருள்ள மிகச் சிறு கூறு) சின்னச் சின்னப் பொதி கட்டி வெளியில அனுப்பும். சிறுநீரகம் கட்டுற பொதி சலத்தோட வரும். அதப் பிரிச்சுப் பாத்தா உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு தெரியலாம்."

"சோத்துப் பார்சல் மாதிரியா?" என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார்.

"ஓம் ஐயா. கண்ணால காண ஏலாத பார்சல்."

அவற்றுக்கு நுண்பொதி என்று பெயராம். டொக்டர் மறைக்காமல் சொன்னார்: "இத வச்சு உங்களுக்கு இப்ப மருந்து தர ஏலா. ஊசி குத்தத்தான் வேணும். பொதி சொல்றதும் ஊசி சொல்றதும் ஒண்டெண்டு கண்டா, பின்னால வாற ஆக்களுக்கு ஊசி இல்லாமலே பாக்கலாம்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வெட்கம் பிடித்தது. கரி பிடித்த சட்டியை ஒருவர் கண்ணில் படவிட்டவள் அல்ல நான். அந்தக் கலங்கல் நுரையையா படித்தவர்கள் முன் வைப்பது? செவ்விளநீர் குடித்தால் சலம் கண்ணாடி மாதிரிப் போகும் என்பது எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை.

"டொக்டர் புள்ள இளநி குடிக்கச் சொல்லல்லயே கா," என்றார் வீட்டுக்காரர்.

"வந்த ஆக்களுக்குக் கழுவாத கோப்பையில தேத்தண்ணி குடுப்பிங்களா? வெட்டுங்க."

பொழுது படும்போதும் குடித்தேன், எழும்பியும் குடித்தேன். போத்தல் பளிங்கு மாதிரி நிறைந்தது. குளிரில் வைத்துக் கொண்டுபோக, அவர் மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியைத் தூக்கி வந்தார்.

"பாரை கிடந்த பெட்டியிலயா என்ட மானத்த வைக்கிற?"

"மீனுக்கு ஒண்டும் வராது. நீ பயப்படாத."

டொக்டர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "என்ன குடிச்சிங்க அம்மா?"

சொன்னேன். உடனே இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். பொட்டாசியம் (இளநீரில் நிறைய உள்ள ஒரு உப்பு) ஏறிக் கிடந்தது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், என்னுடையதால் முடியாது.

"நெஞ்சு நிண்டிருக்கும் அம்மா. சலமும் வெறும் தண்ணியாப் போச்சு. வீட்டக் கூட்டித் துடைச்சுப்போட்டு, கள்ளன்ட காலடித் தடம் எங்க எண்டு என்னக் கேட்டா நான் எப்பிடிச் சொல்ற?"

என்னை அப்படி ஏசி ஒருவர் எழும்பிப் போனதில்லை. அன்று அவரைப் போகவிட்டேன்.

உப்பு இறங்கும்வரை ஊசியைத் தள்ளிவைத்து வார்டில் கிடத்தினார்கள். வீட்டுக்காரர் கால்மாட்டில் இருந்து என் கணுக்காலை அமத்துவதும், குழி நிரம்புகிறதா என்று குனிந்து பார்ப்பதுமாக இருந்தார். வாவியில் தோணி கவிழ்ந்த அன்றும் பகிடி விட்டுச் சிரித்த மனுசன்.

"நான்தானே வெட்டித் தந்த," என்றார்.

"நான்தானே வெட்டச் சொன்ன. கால விடுங்க, கூசுது."

விடவில்லை.

இரண்டாம் தரம் நுரையும் கலங்கலுமாக இருந்ததை இருந்தபடியே கொடுத்தேன். ஊசி நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. குப்புறக் கிடத்தி, விறைக்க மருந்து போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். கதவுக் கொளுக்கி விழுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அரிதட்டில் ஒரு பங்கு தழும்பாகிவிட்டது, மிச்சத்தைக் குளிசையால் காக்கலாம் என்று முடிவு வந்தது. குளிசை முகத்தை உப்ப வைத்தது, நித்திரையைக் கெடுத்தது. "இப்பதான் வடிவு," என்றார் வீட்டுக்காரர். மாதங்கள் போக நுரை குறைந்தது. மிசினுக்கு இன்னும் போகவில்லை.

ஒருநாள் கிளினிக்கில் கேட்டேன்: "சிறுநீரகம் நமக்குப் பொதி அனுப்புது. நாம அதுக்கு மருந்துப் பொதி ஒண்டு அனுப்ப ஏலாதா?"

டொக்டர் பேனையை வைத்தார். "அதத்தான் அம்மா தேடிக்கொண்டிருக்காங்க. நல்ல கலம் கட்டுற பொதிய எடுத்துப் பழுதான சிறுநீரகத்துக்குக் குடுத்தா ஆறுமா எண்டு. எலியில நல்லாத் தெரியுது. மனிசருக்கு இன்னும் மருந்தா வரல்ல."

"என்ட காலத்தில வருமா?"

"தெரியாதம்மா."

ஆறுதலுக்காகப் பொய் சொல்லாததால் அவரை எனக்கு இன்னும் பிடித்தது. அப்படி மருந்து இருக்கிறது என்று யாரும் விற்க வந்தால், உங்கள் டொக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உடம்பு என் கைவேலைக்கு அடங்கியது, கழுவித் துடைத்தால் போதும் என்று இவ்வளவு காலமும் இருந்தேன். என் முதுகுப் பக்கத்தில், நான் சொல்லாமலே, அரைப் பழுதோடு ஒன்று ஓயாமல் பொதி கட்டிக்கொண்டிருப்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதற்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது என்று மெதுவாக எழும்புகிறேன்.

நான் கொடுத்த சலம் எங்கோ ஒரு குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடக்கிறதாம். எனக்கு வயது போகிறது, அதற்குப் போகாது. அந்த விடியல் அங்கே இன்னும் முடியவில்லை. ஒருநாள் யாரோ அதை உருக்கிப் பிரிப்பார்கள். அப்போது நான் இருப்பேனோ தெரியாது. இருந்தபடியே என்னை அவர்கள் பார்க்கட்டும்.